பூட்டுத் துண்டு

சித்திரை மாதத்தில் ஒரு காலை, பால்வண்ணம் சட்டைக்குள் கையை நுழைத்தபோது அவன் இடது தோளிலிருந்து ஒரு துண்டு கழன்று தரையில் விழுந்தது. ரத்தம் வரவில்லை. வலிக்கவும் இல்லை. உள்ளங்கை அகலத்தில், முக்கோணமாக, அவன் தோலின் நிறத்தில், கெட்டி ஆர்ட் பேப்பரை மடித்ததுபோல் இருந்தது அது. இரண்டு முனைகளில் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது, ஓர் ஓரத்தில் பை திறந்திருந்தது. அவன் மனைவி சுயம்புக்கனி அதைக் குனிந்து எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, நாக்கைப் பைக்குள் விட்டு, இருந்த இடத்திலேயே செருகினாள். சொடுக்கென்று உட்கார்ந்துகொண்டது. பிறகு அவனுக்கு இட்லி வைத்தாள். அவனும் சாப்பிட்டுவிட்டு பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போனான்.

சிவகாசி ஊரணிக்கரைத் தெரு இதைக் கேட்டு வாய் பிளக்கவில்லை. அந்தத் தெருவில் துண்டு மடிக்கத் தெரியாத ஆள் கிடையாது. கேலண்டர் பிரஸ்ஸில் வெட்டிக் கழிக்கிற ஓரத் துண்டுகளை ஒரே அளவாக நறுக்கி, ஒரே மாதிரி மடித்து, ஒன்றின் நாக்கை இன்னொன்றின் பைக்குள் செருகிச் செருகி, பசை தொடாமல் உருண்டையும் நட்சத்திரமும் கோபுரமும் கட்டுவது அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை. சாமி படம் அச்சடித்த ஓரத்தில் மயில் தோகை நுனி ஒரு துண்டில் வரும், முருகன் கால் விரல் இன்னொரு துண்டில் வரும், எல்லாம் சேர்ந்தால் யாரும் கும்பிடாத ஒரு சாமி உருண்டையாகத் தொங்கும். தெருக்கோடியில் இருந்த டெய்லர் காதர்மைதீன் மட்டும் காகிதத்தை நம்பாதவர். துபாயில் இருக்கிற மைத்துனர் அனுப்பிய பிளாஸ்டிக் கட்டைகளை, ஒன்றின் முதுகுக் குமிழை இன்னொன்றின் வயிற்றுக் குழியில் அழுத்தி, தையல் மிஷின் ஸ்டாண்டையே அவர் கட்டி வைத்திருந்தார். காகிதம் காற்றுக்குப் பயப்படும் என்பார் அவர். கட்டைக்கு வளையத் தெரியாது என்பார்கள் மற்றவர்கள். இப்படிப் பேசிக்கொண்டே டீ குடிப்பார்கள்.

இந்த மடிப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பால்வண்ணத்தின் அண்ணன் கடற்கரை. இப்போது பலரும் இதை மாற்றிச் சொல்லுகிறார்கள். சொல்லட்டும், சொல்லுகிறவர் வாயை யார் மூட முடியும். பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டியவர் அவர். வெட்டுக் கத்திக்குக் கீழே உதிர்கிற காகிதத்தை அள்ளி, சாப்பாட்டு நேரத்தில் மடித்து மடித்து, பையும் நாக்கும் தானாகவே கண்டுபிடித்தவர் அவர். எல்லாத் துண்டையும் கோத்த பிறகு கடைசியாக ஒரு துண்டு செருக வேண்டியிருக்கும், அதைச் செருக எந்தப் பக்கமும் வழி இருக்காது, பல உருண்டைகள் அந்த இடத்தில்தான் பல்லிளிக்கும். அதற்கு நாக்கை உள்பக்கம் திருப்பி மடிக்கிற ஒரு மடிப்பைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதற்குப் பூட்டுத் துண்டு என்று பெயர் வைத்தார். பூட்டுத் துண்டு உட்கார்ந்தால் உருண்டையைக் கிணற்றுச் சுவர்மேல் இருந்து போட்டாலும் உடையாது.

விருதுநகர் பொருட்காட்சிக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு ஒரு உருண்டை செய்தார்கள். மடித்தது முழுக்கக் கடற்கரை. கோத்தது பால்வண்ணம், அவனுக்கு விரல் நீளம், பொறுமையும் உண்டு. கட்டை விரல் நகம் தேய்ந்து சதை தெரிகிற வரைக்கும் கடற்கரை மடித்தார். பொருட்காட்சியில் உருண்டைக்குக் கீழே வைத்த அட்டையில் பால்வண்ணம் என்று ஒரு பெயர்தான் இருந்தது. பேப்பரில் வந்த படத்திலும் அவன்தான் உருண்டையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஷீல்டு கொடுத்தபோது மைக்கில் அவன் பிரஸ் முதலாளிக்கு நன்றி சொன்னான், தெரு மக்களுக்கு நன்றி சொன்னான். அண்ணனும் தெருவில்தானே இருக்கிறார் என்று பிறகு சமாதானம் சொன்னான். தெருவில் நாயும் இருக்கிறது என்றார் கடற்கரை. அன்றைக்கு விட்டுப்போன பேச்சு.

எதிர் எதிர் வீடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் பால்வண்ணம் கரும்போடு வந்து வாசலில் நின்று, "அண்ணே," என்பான். தெருவே கடற்கரையை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அண்ணே என்று கூப்பிட அவன் ஒருவன்தான் உலகத்தில் இருந்தான். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோ கேட்பார். அவன் கரும்பை வாசலில் சாத்திவிட்டுப் போவான். அவருக்கு வேண்டியது கரும்பு இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில், டீக்கடை முன்னாலோ குழாயடியிலோ, மடித்தது எங்கண்ணன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே அவர் திரும்பி உட்காருவார். அவன் கரும்பு கொண்டுவந்தான், மஞ்சள் கொத்து கொண்டுவந்தான், அந்த வார்த்தையை மட்டும் கொண்டுவரவில்லை.

தோளில் தொடங்கியது வைகாசியில் விலா, முழங்கால், கன்னம் என்று பரவியது. தும்மினால் இரண்டு துண்டு விழும். பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, காற்றுப் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பூசாரி ஒரு கயிறு கட்டினார், கயிறு கட்டிய மணிக்கட்டே கயிற்றோடு கழன்று வந்தது. அதன் பிறகு தெருவே அவனைப் பார்த்துக்கொண்டது. பால்வண்ணம் உள்ளே வந்தால் டீக்கடையில் ஃபேனை நிறுத்தினார்கள். பெண்கள் வாசல் கூட்டினால் குப்பையைக் கொட்டுவதற்கு முன் விரலால் கிளறிப் பார்த்தார்கள். முனிசிபாலிட்டி வண்டிக்காரர் தனியாக ஒரு சாக்கு வைத்துக்கொண்டு, சாயங்காலம் போகிற வழியில் சுயம்புக்கனியிடம் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தைகளுக்குக் கூட எந்தத் துண்டு காதுக்கும் கழுத்துக்கும் நடுவில் வரும் என்று தெரிந்திருந்தது. உருண்டை கட்டிப் பழகிய கைகள். கூடி உட்கார்ந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் அவனைக் கோத்து எழுப்பிவிடுவார்கள்.

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அவனுடைய ஏதோ ஒன்று இருப்பதும் மெதுவாகத் தெரிந்தது. ஒரு துண்டு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்தவரை அவனுக்கு இனிப்புத் தெரியவில்லை, சீனி போடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டான். இன்னொன்று மைதீனின் மிஷின் டிராயருக்குள் போய்விட்டபோது அவனுக்கு விசிலடிக்க வரவில்லை. துண்டு திரும்பி வந்ததும் அதுவும் திரும்பி வந்தது. இதையெல்லாம் கடற்கரையின் மனைவி வடிவு வந்து சொல்லுவாள். அவர் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவன் கதை எனக்கெதற்கு என்பார்.

ஆடி பிறந்தது. சிவகாசியில் ஆடிக்காற்று சும்மா அடிக்காது. கொடியில் கிடக்கிற வேட்டியைப் பக்கத்துத் தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும். சுயம்புக்கனி ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்து வைத்திருந்தாள். மைதீன் தன் கட்டைகளால் பால்வண்ணத்தைச் சுற்றி இடுப்பளவு ஒரு சுவர் கட்டிக் கொடுத்தார். ஆனாலும் ஒரு பகல், பால் வாங்கக் கதவைத் திறந்த அந்த நேரத்தில், காற்று உள்ளே புகுந்து சுற்றிவிட்டு வெளியே வந்தது. வரும்போது ஒரே ஒரு துண்டைக் கொண்டுவந்தது. அது தெருவைக் கடந்து, கடற்கரையின் வாசற்படியில் ஏறி, அவர் காலடியில் விழுந்தது.

எடுத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு உள்பக்கம் திரும்பிய மடிப்பு. நெஞ்சுக்குழிக்கு இடப்பக்கம் செருகுகிற பூட்டுத் துண்டு. அவர் மடிப்பு. தம்பி உடம்பிலும் அவர் மடிப்பைத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான், அதையும் யாரிடமும் சொல்லாமல். துண்டு கையில் லேசாகச் சூடாக இருந்தது. மடித்ததைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முறை. ஒருமுறை பிரித்தால் மடிப்புக்குப் பிடிமானம் போய்விடும். பிரிக்க வேண்டிய தேவையும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. பூட்டுத் துண்டுக்குள் பொருள் எதுவும் இருக்காது, அது வெறும் பூட்டு. பூட்டு இல்லாமல் அவன் எத்தனை நாள் ஓட்டுவான்? எதிர் வீட்டுக்குத்தானே வர வேண்டும், வந்து நாலு பேருக்கு முன்னால் கேட்கட்டும். பழைய கேலண்டர் சுருள்களை அடுக்கியிருந்த பீரோ தலையில், சுருள் ஒன்றுக்குள் அதை விட்டு வைத்தார்.

சாயங்காலமே மைதீன் வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, தம்பியோட துண்டு ஒண்ணு காத்துல இந்தப் பக்கம் வந்துச்சா? முக்கியமான துண்டு."

"எங்க வீட்டுக்கு அவன் வீட்டுக் காத்தே வராது மைதீன்," என்றார் கடற்கரை.

மைதீன் வாசற்படிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார். அப்புறம் போய்விட்டார். வடிவுக்கு அந்தத் துண்டு வந்ததும் தெரியாது, சுருளுக்குள் போனதும் தெரியாது. அவள் அன்றைக்குப் பால்வண்ணத்துக்காகப் பத்திரகாளியம்மனுக்கு எலுமிச்சை விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

கடற்கரை காத்திருந்தார். வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, பேப்பருக்கு மேலே எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பால்வண்ணம் வெளியே வந்தான், போனான், திரும்பி வந்தான். எதிர் வீட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை. முன்னெல்லாம் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்ப்பான், திருடனைப்போல. இப்போது அதுவும் இல்லை. ஒரு நாள் குழாயடியிலிருந்து வந்த வடிவு குடத்தை இறக்கி வைக்காமலேயே சொன்னாள்.

"உங்க தம்பி என்னைப் பாத்து, நீங்க எந்த வீடுன்னு கேக்காரு. எதிர் வீடுன்னேன். ஓ, அங்க ஆள் இருக்காங்களான்னாரு."

"ஷீல்டு வாங்குனவன்ல," என்றார் கடற்கரை. "அப்படித்தான் கேப்பான்."

அன்றைக்குச் சுருளை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார்.

பூட்டு இல்லாத உடம்பு நிற்கவில்லை. காலையில் கோத்தால் மதியம் தளர்ந்தது, மதியம் கோத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தளர்ந்தது. மைதீன் தன் கட்டையில் ஒன்றைச் சீவி அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தார். உடம்பு நின்றது. ஆனால் பால்வண்ணம் நேராக மட்டுமே நடந்தான், மூலை வந்தால் திரும்பத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான், கேட்ட கேள்விக்கு ஆமாம் இல்லை என்பதற்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் சுயம்புக்கனி கட்டையைப் பிடுங்கி மைதீன் கையில் கொடுத்துவிட்டாள். கட்டைக்கு வளையத் தெரியாது என்று மைதீனே ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு நாள் மார்க்கெட்டில், கடற்கரையின் கண் முன்னாலேயே அவன் முழுதாக உதிர்ந்தான். கத்திரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தவன், பை கையிலிருந்து நழுவ, அப்படியே துண்டு துண்டாகத் தரையில் சரிந்தான். கூடை வைத்திருந்தவர்கள் கூடையைக் கவிழ்த்தார்கள், பெண்கள் முந்தானையை விரித்தார்கள், பஸ் ஹார்ன் அடிக்காமல் நின்றது. பூசணிக்காய் அடுக்குக்கு மேலே அவன் முகம் மட்டும் பிரியாமல் கிடந்தது. அது கடற்கரையைப் பார்த்தது. அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கரண்ட் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் பார்த்தது. கடற்கரை தன் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்து, எவளோ ஒருத்தியின் முந்தானையில் போட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிடும்போது அவர் பங்குக் கருவாட்டைத் திருடிய நீள விரல்கள். அவையும் கழன்று தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டார். போதும், கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஆனால் ஆடி மாதம். புதிதாகக் கல்யாணம் ஆன புருஷன் பெண்டாட்டியையே பிரித்து வைக்கிற மாதம். சேரக் கூடாத மாதத்தில் அண்ணன் தம்பி சேர்ந்தால் அந்தச் சேர்க்கை நிலைக்குமா? இன்னும் கொஞ்ச நாள்தான். ஆவணி முதல் தேதி காலையில், குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முறையாகப் போய்ச் செருக வேண்டும். அதுவரை வேறு வேலையும் இருந்தது அவருக்கு. செருகுவதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அட்டையைப் பற்றி, மைக்கைப் பற்றி, தேய்ந்த நகத்தைப் பற்றி. கொல்லையில் முருங்கை மரத்துக்குச் சொல்லிப் பார்த்தார். நீளமாக இருந்தது. குறைத்தார். குறைத்தது சப்பென்று இருந்தது. மறுபடி நீட்டினார்.

சுயம்புக்கனிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. புருஷன் ஒவ்வொரு தடவை கோத்து எழும்போதும் காற்றில் ஒரு துண்டு இரண்டு துண்டு குறைந்து மெலிந்துகொண்டே வந்ததுதான் தெரியும். ஆடி முடிவதற்குள் அவள் மைதீனிடம் போய் நின்றாள். இருந்த பூட்டு வராது, புதிதாக ஒன்று மடிக்க வேண்டும் என்றாள். உள்திரும்பும் நாக்கைத் தனியாக மடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் யாரும் இல்லை. தெரிந்த ஒரே ஆள் எதிர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதனால் ஒரு தாளை எடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ஒரு வீட்டில் ஒரு மடிப்பு. அவரவருக்கு ஞாபகம் இருந்த ஒரு மடிப்பை அவரவர் போட்டு, நகத்தால் தேய்த்து, அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். குழாயடியில் வடிவு கைக்கும் அது வந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவளும் ஒரு மடிப்புப் போட்டாள். அந்த வீட்டு விஷயத்தைத் தன் வீட்டில் பேசினால் சண்டை வரும் என்று புருஷனிடம் சொல்லவில்லை. தாள் தெருவைச் சுற்றி வந்து சேர்ந்தபோது அது பூட்டுத் துண்டாகவே இருந்தது. வைத்ததும் உட்கார்ந்துகொண்டது. பால்வண்ணம் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அதற்குப் பிறகு ஒரு துண்டும் கழலவில்லை, தும்மினால்கூட.

ஆவணி முதல் தேதி கடற்கரை வெள்ளை வேட்டி கட்டி, சுருளுக்குள்ளிருந்து துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பல வருடம் கழித்துத் தெருவைக் கடந்தார். கதவு திறந்திருந்தது. பால்வண்ணம் வயர் நாற்காலியில் சாய்ந்து ஏதோ மடித்துக்கொண்டிருந்தான். மைதீன் பக்கத்தில் இருந்தார். நிழல் விழுந்ததும் பால்வண்ணம் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தான்.

"வாங்க அண்ணாச்சி. யாரைப் பாக்கணும்?"

அடுக்களையிலிருந்து வந்த சுயம்புக்கனி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்க அண்ணன்தாங்க," என்றாள். "எதிர் வீடு."

"சொல்லிட்டுத்தான் இருக்கா," என்றான் அவன், தப்புச் செய்தவனைப்போல. "எனக்கு ஒரு அண்ணன் உண்டுன்னு தினமும் சொல்றா. மனசுல ஒரு ஓரத்துலயும் நிக்க மாட்டேங்குது. நீங்க தப்பா நினைக்காதீங்க. உக்காருங்க."

கடற்கரை உட்காரவில்லை. அவர் மைதீனைப் பார்த்தார். அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிருந்தது. பையின் மேலே எட்டிப்பார்த்த முனையை மைதீன் பார்த்துவிட்டார், பார்த்ததும் அவர் முகம் வற்றிப்போனது. கடற்கரையை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தத் துண்டு காணாமல் போன அன்றைக்கே அவன் அண்ணனை மறந்துபோனான். அண்ணன் இருந்தது முழுக்க அந்த ஒரு துண்டில்தான். தேடி வந்த அன்றைக்கு அது தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் காலில் விழுந்து கேட்டிருப்பேன் என்றார். இப்போது புதுத் துண்டு இறுகிவிட்டது. அதைப் பிடுங்கினால் மொத்தமும் உதிரும், ஏற்கனவே மெலிந்த உடம்பு, இன்னொரு தடவை கோத்தால் எழும்பாது.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றார் மைதீன். "மூச்சு அதுலதான் ஓடுது."

முருங்கை மரத்துக்குச் சொல்லிப் பார்த்த பேச்சைக் கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. சண்டை போடவும் எதிரில் ஆள் இல்லை. அட்டை, மைக், ஷீல்டு எல்லாம் இனி அவர் ஒருவருக்கு மட்டும் நடந்த விஷயங்கள்.

"பைக்குள்ள என்ன வச்சிருக்கீங்க? மடிச்சதுபோல இருக்கே," என்று பால்வண்ணம் ஆசையாகக் கேட்டான். அவர் எடுத்துக் கொடுத்தார். அவன் நீள விரல்களால் அதைப் புரட்டினான், பையைத் தடவினான், உள்திரும்பிய நாக்கை ஒரு நகத்தால் தூக்கிப் பார்த்தான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். சுயம்புக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இப்படி ஒரு மடிப்பை நான் பாத்ததே இல்லையே. யாரு மடிச்சது?"

"நான்தான்," என்றார் கடற்கரை.

"நீங்களா?" அவன் மைதீனைக் கூப்பிட்டுக் காட்டினான், சுயம்புக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினான், வாசலில் போன பால்காரரையும் கூப்பிட்டு, சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்: "இதைப் பாருங்கய்யா. மடிச்சது இந்த அண்ணாச்சி. இவருக்குத் தெரிஞ்சதுல பாதி எனக்குத் தெரியாது."

பிறகு வந்தவருக்குக் காப்பி போடச் சொன்னான். துண்டை வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்து, அசலாருக்குக் கொடுப்பதுபோல, இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக அவரிடம் திருப்பிக் கொடுத்தான்.